லினக்ஸ் போடலாம் அக்கா, ஆனா பழைய ஹார்ட் டிஸ்க்கை தூக்கிப் போட்டுடாதீங்க

கேள்வி: சார், எங்க வீடு தண்டையார்பேட்டை. வீட்டுல ஒரே ஒரு டெஸ்க்டாப், இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், வின்டோஸ் 10. நான் வீட்ல இருந்தே ஜாப் டைப்பிங் பண்றேன், மனு, வாடகை அக்ரிமென்ட், பத்திரிகை மேட்டர்னு எல்லாம் பாமினி ஃபான்ட்ல. பொண்ணு பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம், பையன் எட்டாவது. சர்வீஸ் கடைக்காரர் 'வின்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இதுல 11 ஏறாது, புது சிஸ்டம் வாங்கிடுங்க'ன்னுட்டாரு. பெங்களூர்ல வேலை பாக்குற எங்க அண்ணன் பையன் 'அத்தை, வின்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம், ஃப்ரீ'ங்கறான். பிரின்டர் கேனான் எல்பிபி 2900. வீட்டுக்காரர் ஹார்பர் பக்கம் லாரி ஆபீஸ்ல வேலை, இப்போ புதுசு வாங்குற நெலமைல நாங்க இல்ல. லினக்ஸ் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒத்து வருமா? பழுதானா யாரைப் போய் பாக்குறது?
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அக்கா, கடைக்காரர் சொன்னதுல பாதி சரிதான். 2025 அக்டோபர் 14ஓட வின்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திடுச்சு. வின்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் கணக்கு, டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி வசதியும் கேக்கும், உங்களுது நாலாவதுங்கறதால முறையா ஏறாது. அந்த செக்கிங்கை தாண்டி ஏத்திக் குடுக்குறவங்க இருக்காங்க, ஆனா அப்படி ஏத்துன மெஷினுக்கு தொடர்ந்து அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் எந்தப் பொறுப்பும் ஏத்துக்கல, அதனால அந்த வழிக்கு போகாதீங்க.

புதுசு வாங்கணும்னு சொன்னாரு பாருங்க, அதுலதான் எனக்கு உடன்பாடு கெடையாது. சப்போர்ட் நின்னு போச்சுன்னா, புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைங்களுக்கு இனிமே அடைப்பு வராதுன்னு அர்த்தம், அவ்ளோதான், மெஷின் பாட்டுக்கு ஓடும். ஆனா பேங்க் லாகின் பண்ற, கண்ட பென்டிரைவ் சொருகுற மெஷின்ல அப்படியே ஓட்டிக்கிட்டே இருக்கக் கூடாது. வீட்டு கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் கூடுதல் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்க ஒரு ஏற்பாடு குடுத்தாங்க, 22எச்2 வெர்ஷன் இருந்து, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டிங்க்ஸை பேக்கப் பண்ணா காசு இல்லாமயே கெடைக்கும், உங்க அப்டேட் பக்கத்துல அந்த லிங்க் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா உங்களுக்கு யோசிக்க கொஞ்சம் நேரம் கெடைக்கும். தெரியலைன்னாலும் பயப்படாதீங்க.

ஐ3 நாலாவது ஜெனரேஷன் இன்னும் உழைக்கிற மெஷின் அக்கா. அது ஸ்லோவா இருக்குன்னா முக்கால்வாசி காரணம் உள்ள சுத்திக்கிட்டு இருக்குற பழைய ஹார்ட் டிஸ்க்கும் அந்த 4 ஜிபி ரேமும்தான். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமா ஓடுற 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு, டிடிஆர்3 4 ஜிபி ரேம் இன்னொண்ணு, இந்த ரெண்டையும் ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு மூணு கடை ஏறி எறங்கி வெலை கேட்டு வாங்குங்க, ரேம் செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சாலே போதும். லினக்ஸ் போடுறதா இருந்தாலும் சரி, போடாட்டியும் சரி, இந்த செலவு வீண் போகாது. நான் வண்ணாரப்பேட்டைல சர்வீஸ் பாக்குறவன், நல்லா ஓடக்கூடிய சிஸ்டத்தை ஓ.எஸ். பழசாயிடுச்சுன்னு காயலாங்கடைக்கு எடைக்கு போடுறதை பாக்குறப்போ எனக்கு மனசு கேக்காது, கஷ்டப்படுற வீட்ல ஒரு மெஷினோட வெலை எத்தனை மாசத்து மளிகைன்னு எனக்கும் தெரியும்.

இப்போ நேரா உங்க கேள்விக்கு வரேன். ஒத்து வரும். ஆனா ஒரே அடியா தாவ வேணாம், உங்க வீட்ல மூணு பேர் அந்த மெஷின்ல மூணு விதமான வேலை பாக்குறீங்க, ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற வேற.

பொதுவான வேலைங்க, ஈபி பில் கட்டுறது, வீட்டு வரி, பேங்க், யூட்யூப், மெயில், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், வாட்ஸ்அப் வெப், இதெல்லாம் நடக்குறது பிரவுசருக்குள்ள. லினக்ஸ்ல ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வந்துடும், குரோமும் போட்டுக்கலாம், நீங்க இப்போ பாக்குற அதே பக்கம் அதே மாதிரிதான் தெரியும். ஜூமுக்கு தனி ஆப்பே இருக்கு. லினக்ஸ்னாலே கறுப்பு ஸ்க்ரீன்ல கமாண்ட் அடிக்கணும்னு நெறைய பேருக்கு ஒரு பயம், அது 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கில படிக்கிறப்போ எழுத ஆரம்பிச்ச காலத்துக்கு சரி, இன்னைக்கு உங்க கைல இருக்குற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறதும் அதே லினக்ஸோட கெர்னல்தான், அதாவது மையப் பகுதிதான், அதுல என்னைக்காவது கமாண்ட் அடிச்சிருக்கீங்களா? லினக்ஸ்ல பல வகை இருக்கு, உங்களுக்கு நான் சொல்றது லினக்ஸ் மின்ட். கீழ டாஸ்க்பார், இடது மூலைல மெனு, வலது மூலைல கடிகாரம், வின்டோஸ்ல பழகுன கை தடுமாறாது. மின்ட் 22க்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. ரேம் 8 ஜிபி ஆக்கிட்டா சின்னமன் எடிஷன் போடுங்க, 4 ஜிபிலயே ஓட்டணும்னா எக்ஸ்எஃப்சிஇ எடிஷன்.

பொண்ணுக்கு இது லாபம். சி, பைதான், ஜாவா, மைஎஸ்க்யூஎல்னு அவங்க படிக்கப் போறது எல்லாமே லினக்ஸ்ல சுளுவா ஓடும், போகப் போக லினக்ஸே ஒரு பாடமா வரும். கேரளாவுல அரசுப் பள்ளிக்கூடப் பசங்களே பல வருஷமா லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் கத்துக்குறாங்க. நம்ம ஊர்லயும் 2011ல அரசு குடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்ல வின்டோஸோட பாஸ் லினக்ஸும் சேத்துதான் குடுத்தாங்க, அது மத்திய அரசோட சிடாக் நிறுவனம் தயாரிச்சது, ஆனா அதை எப்படி பயன்படுத்துறதுன்னு பக்கத்துல உக்காந்து காட்ட ஆள் இல்லாம பாதி பசங்க தொறந்தே பாக்கல. இந்த விஷயத்தை ஞாபகத்துல வைங்க, கீழ திரும்ப வரேன்.

பையன் என்ன கேம் ஆடுறான்னு கேட்டுக்கோங்க. மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் ஓடும், ஸ்டீம்ல இருக்குற கேம்ல நெறைய ஓடும். வேலரன்ட் ஓடாது, ப்ளூஸ்டாக்ஸ் லினக்ஸுக்கு கெடையாது. முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லன்னா மொத நாளே வீட்ல சண்டை.

இப்போ உங்க டைப்பிங் வேலை. இதுல கொஞ்சம் நிதானமா போகணும், ஏன்னா இது உங்க சம்பாத்தியம்.

பாமினிங்கறது யூனிகோட் கெடையாது, அதாவது எல்லா கம்ப்யூட்டரும் போனும் ஒரே மாதிரி புரிஞ்சுக்குற பொது எழுத்து முறை கெடையாது. நீங்க 'கே' கீயை தட்டுறீங்க, கம்ப்யூட்டர் உள்ள அது இங்கிலீஷ் 'கே'யாதான் சேவ் ஆகுது, பாமினி ஃபான்ட் அதுக்கு 'ம'ன்னு முகமூடி போட்டு காட்டுது, 'ஜே' தட்டுனா 'த'. அதனாலதான் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல உங்க ஃபைலை தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் செமிகோலனுமா வந்து நிக்குது. இதுல உங்களுக்கு ஒரு நல்லது என்னன்னா, வெறும் ஃபான்ட் மட்டும்தான் வேணுங்கறதால லினக்ஸ்லயும் இது வேலை செய்யும். வின்டோஸோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்குற பாமினி ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணி, மின்ட்ல அதை டபுள் கிளிக் பண்ணா இன்ஸ்டால்னு ஒரு பட்டன் வரும், அழுத்திட்டு லிப்ரே ஆபீஸ் ரைட்டரை, அதான் லினக்ஸ்ல வேர்டுக்கு பதிலா இருக்குறது, மூடி தொறங்க, லிஸ்ட்ல பாமினி நிக்கும், உங்க விரல் பழகுன மாதிரியே தட்டலாம், பழைய ஃபைலும் எழுத்து மாறாம தொறக்கும்.

எழுத்து மாறாது, ஆனா வரி மாறும். வேர்டுல அடிச்ச ஃபைலை ரைட்டர்ல தொறந்தா சில சமயம் ஒரு வரி கீழ எறங்கும், டேபிள் கொஞ்சம் நகரும். மனுவுக்கு இது பெரிய விஷயம் இல்ல. வாடகை அக்ரிமென்ட்டுக்குதான் பேஜாரு, ஏன்னா பத்திர பேப்பர்ல மேல முத்திரை இருக்குற இடத்தை விட்டு கீழதான் மேட்டர் ஆரம்பிக்கணும், மார்ஜினை அதுக்கு அளந்து வெச்சிருப்பீங்க, ரெண்டு வரி நகந்தா கடைசி கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்கு போயிடும், பத்திர பேப்பர் வீணாப் போனா அந்த காசு கஸ்டமர்கிட்ட கேக்க முடியாது. அதனால அக்ரிமென்ட் மாடல் ஃபைல் ஒண்ணை ரைட்டர்லயே புதுசா மார்ஜின் வெச்சு செஞ்சு, வெத்து பேப்பர்ல ஒரு பிரிண்ட் எடுத்து, அதை பத்திர பேப்பர் மேல வெச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. சரியா உக்காந்திருந்தா அதுக்கு அப்புறம் அந்த ஃபைலையே காப்பி பண்ணிப் பண்ணி ஓட்டலாம். வெளிய அனுப்புறதா இருந்தா எப்பவும் பிடிஎஃப்பா மாத்தி அனுப்புங்க, ரைட்டர்ல அதுக்கு பட்டனே இருக்கு.

கூடவே ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. நேரம் கெடைக்கிறப்போ யூனிகோடுக்கு மாறப் பாருங்க. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடை ஸ்டாண்டர்டா அறிவிச்சிடுச்சு, ஆன்லைன் மனுவுல எங்கயும் பாமினியை ஒட்ட முடியாது, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். மின்ட்ல ஐபஸ்னு ஒண்ணை போட்டா தமிழ்99, ஃபோனடிக், டைப்ரைட்டர் மூணு கீபோர்டும் வரும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல லோயர் ஹையர் படிச்சவங்களுக்கு அந்த டைப்ரைட்டர் லேஅவுட் கை வரும். பழைய பாமினி ஃபைலை யூனிகோடா மாத்துறதுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கு, அது வின்டோஸ்ல ஓடுறது, இப்பவே மாத்தி வெச்சுக்கலாம்.

பத்திரிகை மேட்டரை நீங்க பேஜ்மேக்கர்ல, கோரல்டிரால, போட்டோஷாப்ல பண்றீங்கன்னா அந்த வேலை லினக்ஸ்ல நடக்காது. அதுக்கு பதிலா லினக்ஸ்ல இருக்குற இங்க்ஸ்கேப், ஸ்க்ரைபஸ், கிம்ப் எல்லாம் நல்ல சாஃப்ட்வேர்தான், புதுசா ஒரு வேலையை ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் தைரியமா சொல்வேன், ஆனா மின்ட் ஸ்ட்ரீட் பக்கமோ ராயப்பேட்டை பக்கமோ பிரஸ்ல 'கோரல் ஃபைல் அனுப்பு'ன்னு கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? டேலியும் அப்படித்தான், அதுவும் வின்டோஸ்தான் கேக்கும்.

பிரின்டர் விஷயம் இதைவிட முக்கியம். நம்ம ஏரியால ஜெராக்ஸ் கடைக்கு கடை நிக்கிறது அந்த எல்பிபி 2900தான், உழைப்பாளி பிரின்டர், டோனர் ரீஃபில் பண்ண ஆள் தெருவுக்கு தெரு கெடைக்கும். ஆனா அது கேப்ட்னு ஒரு தனி பாஷைலதான் பேசும், கம்ப்யூட்டர்ல அதுக்கான டிரைவர் இல்லாம ஒரு எழுத்தும் அடிக்காது. லினக்ஸுக்கும் கேனான் ஒரு டிரைவர் குடுத்திருக்கு, தன்னார்வலர்கள் எழுதுனதும் ஒண்ணு இருக்கு, ரெண்டையும் ஓட வைக்க கமாண்ட் தெரிஞ்ச ஆள் உக்காரணும், ஓ.எஸ். அப்டேட் ஆனா சில சமயம் திரும்பவும் உக்காரணும். உங்க அண்ணன் பையனால முடிஞ்சா நல்லது, ஆனா அதை நம்பி கஸ்டமருக்கு 'சாயங்காலம் வாங்கிக்கோங்க'ன்னு சொல்லாதீங்க. எச்பியில நெறைய மாடல் லினக்ஸ்ல தானா எடுத்துக்கும், 1020 மாதிரி சில மாடலுக்கு ஒரு ப்ளக்இன் மட்டும் டவுன்லோட் ஆகும். என்னைக்காவது புது பிரின்டர் வாங்குனா டப்பால ஏர்பிரின்ட்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க, அந்த மாதிரி பிரின்டருக்கு லினக்ஸ்ல பெரும்பாலும் டிரைவரே தேவைப்படாது.

அதனால நான் சொல்ற வழி இது. புது எஸ்எஸ்டில லினக்ஸ் மின்ட், பழைய ஹார்ட் டிஸ்க்ல இப்போ இருக்குற வின்டோஸ் அப்படியே, ரெண்டும் ஒரே சிபியூக்குள்ள. லினக்ஸ் இன்ஸ்டால் பண்றப்போ பழைய டிஸ்க்கோட சாட்டா கேபிளை கழட்டி விட்டுடுங்க, அப்போதான் தப்பா எந்த பட்டனை அழுத்துனாலும் உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது, முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கலாம். ஆன் பண்றப்போ பூட் மெனு கீயை தட்டி எது வேணுமோ அதுல நுழையலாம். நெட் வேலை எல்லாம் லினக்ஸ்ல. கோரலும் எல்பிபி 2900 பிரிண்டும் வின்டோஸ்ல, அதுல நுழையறப்போ நெட் கேபிளையோ வைஃபை டாங்கிளையோ புடுங்கிடுங்க. நெட் இல்லாத, பேங்க் லாகின் ஆகாத வின்டோஸ் 10 பழசா இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்ல.

இதுல ரெண்டு சின்ன குடைச்சல் வரும், தெரிஞ்சு வெச்சுக்கோங்க. லினக்ஸ்ல இருந்துட்டு வின்டோஸுக்கு போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும், பேட்டரி போச்சுன்னு நெனச்சு மதர்போர்டு செல் மாத்திடாதீங்க, லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்குது, வின்டோஸ் அதை நம்ம நேரம்னு எடுத்துக்குது, லினக்ஸ்ல ஒரே ஒரு கமாண்ட்ல சரியாகும், அண்ணன் பையனுக்கு தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு, வின்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆஃப் பண்ணலைன்னா லினக்ஸ்ல இருந்து டி டிரைவை தொறந்து பாக்கலாம், ஆனா எதையும் சேவ் பண்ண விடாது.

நீங்க கேக்காத ஒரு லாபம் இருக்கு, அதை சொல்லாம விட மனசு வரல. ஜாப் டைப்பிங் பண்றவங்களுக்கு தெனமும் யாராவது ஒருத்தர் பென்டிரைவ் நீட்டுவாங்க, பாதி பென்டிரைவ்ல ஷார்ட்கட் வைரஸ். வின்டோஸ்ல பாத்தா ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறி நிக்கும், கஸ்டமர் என் ஃபைல் போச்சேன்னு கலங்குவாரு. அதே பென்டிரைவை லினக்ஸ்ல சொருகுங்க, வைரஸ் மறைச்சு வெச்ச ஒரிஜினல் ஃபைலு ஷார்ட்கட் பக்கத்துலயே சாதாரணமா தெரியும், ஏன்னா வின்டோஸோட மறைக்கிற குறியை லினக்ஸ் கண்டுக்காது, அந்த வைரஸும் இங்க ஓடாது. ஷார்ட்கட்டை எல்லாம் டெலீட் பண்ணிட்டு அவர் ஃபைலை அவர்கிட்ட குடுக்கலாம். ஆனா லினக்ஸ் போட்டா எந்த ஏமாத்தும் நடக்காதுன்னு நெனச்சுடாதீங்க, ஓடிபி கேட்டு போன் பண்றவன்கிட்ட இருந்து எந்த ஓ.எஸ்.ஸும் காப்பாத்தாது.

கடைசியா கேட்டீங்க பாருங்க, பழுதானா யாரைப் பாக்குறதுன்னு, உங்க கடிதத்துலயே நல்ல கேள்வி அதான். உண்மையைச் சொல்லணும்னா வியாசர்பாடில இருந்து திருவொற்றியூர் வரைக்கும் தேடினாலும் லினக்ஸ் பாக்குற கடை ரொம்ப கம்மி. நெறைய கடைல எந்த பிரச்சனைன்னு போனாலும் ஃபார்மட் அடிச்சு வின்டோஸ் போட்டுத்தான் குடுப்பாங்க, அவங்க பொழப்பு அப்படி ஓடுது. லினக்ஸ் டெஸ்க்டாப் வீடுகள்ல நிக்காம போறதுக்கு நான் பாத்த வரைக்கும் பெரிய காரணம் இதுதான், சாஃப்ட்வேர்ல குறை இருக்கறதைவிட பக்கத்துல கேக்க ஆள் இல்லாததுதான் அதிகம். அந்த இலவச லேப்டாப் கதையும் அதேதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூர்ல இருந்து வர்ற அண்ணன் பையன் உங்களுக்கு அந்த ஆளா இருக்க முடியாது. உங்க பொண்ணு இருக்கலாம்.

அதனால அண்ணன் பையன் வர்றப்போ அவனே விறுவிறுன்னு போட்டுட்டு போக விடாதீங்க. மௌஸ் பொண்ணு கைல இருக்கட்டும், அவன் பக்கத்துல உக்காந்து சொல்லட்டும், 8 ஜிபி பென்டிரைவ்ல மின்ட் ஏத்துறதுல இருந்து எல்லாத்தையும் அவளே செய்யட்டும். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி அந்த பென்டிரைவ்ல இருந்தே மின்ட்டை ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்ல ஒண்ணும் எழுதாது. வைஃபை டாங்கிள் எடுக்குதா, சவுண்ட் வருதா, வெப்கேம்ல முகம் தெரியுதா, எல்லாத்தையும் அப்பவே பாத்துடுங்க, மலிவு டாங்கிள் சிலது எடுக்காது, அப்படின்னா யூஎஸ்பி டெதரிங் போட்டு, அதாவது போன் நெட்டை கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு குடுத்து, சமாளிச்சுட்டு வேற டாங்கிள் வாங்கணும். பென்டிரைவ்ல ஓடுறப்போ மெதுவாத்தான் இருக்கும், அதை வெச்சு லினக்ஸே ஸ்லோன்னு முடிவு பண்ணிடாதீங்க. போட்டு முடிச்சதும் டைம்ஷிஃப்ட்னு மின்ட்லயே இருக்குறதை ஆன் பண்ணி வைங்க, ஏதாவது அப்டேட்ல சிஸ்டம் கோளாறு ஆனா முந்தின நாள் இருந்த நெலமைக்கு சிஸ்டத்தை திருப்பிடலாம், ஆனா அது உங்க டாக்குமென்ட்டை காப்பி எடுக்காது, டைப்பிங் ஃபைலை தனியா ஒரு பென்டிரைவ்லயோ கூகுள் டிரைவ்லயோ வாரம் ஒருக்கா நீங்கதான் போடணும். பொண்ணுக்கு மேல சந்தேகம் வந்தா லினக்ஸ் மாதிரி கட்டற்ற மென்பொருள் பத்தி தமிழ்லயே கணியம்னு 2012ல இருந்து எழுதிட்டு வர்றாங்க, சென்னைலயும் காஞ்சிபுரத்துலயும் லினக்ஸ் யூசர்ஸ் குரூப் இருக்கு, தெரியாதவங்க கேட்டா பொறுமையா சொல்லித் தர்ற ஆளுங்க, கூச்சப்படாம கேக்கச் சொல்லுங்க.

ஒரு மாசம் ரெண்டு டிஸ்க்கையும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. வின்டோஸுக்கு எதுக்கெல்லாம் திரும்பிப் போறீங்கன்னு மானிட்டர் பக்கத்துல ஒரு சீட்டுல எழுதிட்டே வாங்க. பிரிண்ட் மட்டும்தான் எழுதியிருக்குன்னா அடுத்து காசு சேர்றப்போ பிரின்டரை மாத்துனா போதும். தெனமும் கோரல், கோரல்னு எழுதியிருந்தா உங்க தொழிலுக்கு வின்டோஸ்தான் சரி, அப்போ வின்டோஸ் 11 ஏறுற மாதிரி எட்டாவது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ செகண்ட் ஹேண்ட்ல ஒரு சிபியூ மட்டும் பாருங்க, மானிட்டர் கீபோர்டு எல்லாம் இருக்கறதே போதும், இந்த மெஷின் லினக்ஸோட பொண்ணுக்கு ஆகிடும்.

எஸ்எஸ்டி மாட்டுறதுக்கு கடைக்கு எடுத்துட்டு போறதா இருந்தா, போறதுக்கு முன்னாடியே பாமினி ஃபைல் எல்லாத்தையும் வெளிய ஒரு காப்பி எடுத்துக்கோங்க, கடைக்காரர்கிட்ட பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணக் கூடாதுன்னு வாயால சொல்றதோட விடாம சிபியூ மேல ஒரு ஸ்டிக்கர்ல எழுதியும் ஒட்டிக் குடுங்க.